விவசாயி வீட்டுப் பொண்ணு

மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு மே மாதம் என்றால் மாம்பழ சீசன், பிள்ளைகளுக்கு லீவு, கரண்ட் பில். நமக்குத்தான் அது பரீட்சை. ரிசல்ட்டும் உடனுக்குடன் வந்துவிடும், பழுப்பு நிறத்தில்.

மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி, மாதக் கடைசி வரைக்கும் ஓடும். அந்தக் கத்திரி நாட்களில் விதை போடாதே, செடி கொடியை வெட்டாதே, கிணறு தோண்டாதே என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். இதில் கிணறு ஒன்றைத்தான் நான் தோண்டவில்லை.

எங்கள் அபார்ட்மென்ட் தாம்பரத்துக்கு இந்தப் பக்கம். மூன்று மாடி, அதற்கு மேல் நேராக சூரியன். பதினொரு மணிக்கு மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத தோசைக்கல்லில் தோட்டம் போட்டிருக்கிறேன். தரையில் இருக்கும் செடியாவது வேரை ஆழமாக இறக்கிக் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். க்ரோ பேகில் இருக்கும் செடிக்கு ஓர் அடி இறங்கினால் கான்கிரீட். அதற்கப்புறம் அது என்னை நம்பித்தான் இருக்க வேண்டும். சிக்கலே அங்கேதான்.

குடிவந்த புதிதில், அறிமுகப் பேச்சில், “அப்பாவுக்கு லால்குடி பக்கம் வயல் இருக்கு, நாங்க விவசாயக் குடும்பம்” என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. ஆனால் அந்த வயலில் நான் பார்த்த வேலையெல்லாம் பம்ப்செட்டில் குளித்தது, நுங்கு தின்றது, வரப்பில் வழுக்கி விழுந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து எங்கள் ப்ளாக்கில் யார் வீட்டுச் செடி வாடினாலும் எனக்கு போட்டோ வரும். நானும் சளைக்காமல் பதில் போடுவேன். திரும்பப் படித்தால் எனக்கே நம்பிக்கை வந்துவிடும்.

சித்திரை பிறந்ததும் நர்சரிக்குப் போனேன். “இப்ப வெண்டை, கொத்தவரை, காராமணி போடுங்கக்கா. தண்டுக்கீரை நல்லா வரும்” என்றார் நர்சரிக்காரர். வெண்டைக்காயும் கொத்தவரங்காயும் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறதே, அதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்? தக்காளி நாற்றையும் காலிஃபிளவர் நாற்றையும் காட்டினேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கவரில் போட்டுக் கொடுத்தார். காசு கொடுப்பவரிடம் அவர் பருவம் பேசுவதில்லை.

காலிஃபிளவர் கதை சின்னது. இலை விட்டது, பூ விடவில்லை, செத்தது.

கொத்தமல்லியை வீட்டு டப்பாவிலிருந்தே எடுத்துத் தேய்த்து விதைத்தேன். வெயில் உறைத்தால் கொத்தமல்லிக்கு அவசரம் வந்துவிடும். இலை விடுவதை நிறுத்திவிட்டுத் தண்டை நீட்டிப் பூக்கப் பார்க்கும். என்னுடையது ஒரு ரசத்துக்குக்கூட இலை தராமல் சாண் உயரத்தில் வெள்ளைப் பூ பூத்து நின்றது. “எங்க வீட்டுக் கொத்தமல்லி பூத்திருக்கு பாருங்க” என்று குரூப்பில் படம் போட்டேன். நிறைய ஹார்ட் வந்தது.

தக்காளிதான் என்னை அதிகம் ஏமாற்றியது. செடி பச்சைப் பசேலென்று வளர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. காலையில் போய்ப் பார்த்தால் பூவெல்லாம் காம்போடு கீழே கிடக்கும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு இறங்காமல் இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும், காய் பிடிக்காது. சென்னையில் மே மாத ராத்திரி 28-க்குக் கீழே இறங்கினாலே பெரிய சலுகை. இந்தக் கணக்கெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பேட்டரி டூத்பிரஷ்ஷைப் பூக்காம்பில் வைத்து அதிரவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதுவும் நிஜம்தான், வண்டெல்லாம் பூவைப் பிடித்து உலுக்கிச் செய்வது அந்த வேலையைத்தான். ஆனால் வீணாய்ப்போன மகரந்தத்தை எவ்வளவு உலுக்கி என்ன?

விடிந்தும் விடியாததுமாக நான் டூத்பிரஷ்ஷோடு தக்காளி முன்னால் குந்தியிருந்தபோது, டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க வாட்ச்மேன் மேலே வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “பல்லு வெளக்கி விடுறீங்களாம்மா?” என்றார். கேலியெல்லாம் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அதனால்தான் பதில் சொல்ல வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பூசணி இலையைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள், மனசு கேட்காது. மொத்தக் கொடியும் துவண்டு தொங்கும். வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிட இலை ஆவியாக விடுகிற வேகம் அந்நேரத்துக்கு அதிகம். மண் ஈரமாகவே இருந்தாலும் இலை தொங்கும், வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துகொள்ளும். பூசணிக்கு அது தினப்படி வழக்கம். எனக்குத்தான் அது எமர்ஜென்சி. சோற்றுக் கையோடு மாடிக்கு ஓடி ஹோஸைத் திறந்திருக்கிறேன்.

அந்த ஹோஸ் காலையிலிருந்து வெயிலில் சுருண்டு கிடக்கிறது. உள்ளே நின்ற தண்ணீர் என்ன சூட்டில் இருக்கும் என்பதைக் கையில் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் கத்திரிச் செடி தெரிந்துகொண்டுவிட்டது.

காலையில் ஒரு தடவை கடமைக்கு, மத்தியானம் ஒரு தடவை பரிதாபத்துக்கு, சாயங்காலம் ஒரு தடவை மனசாட்சிக்கு என்று ஊற்றிக்கொண்டிருந்தேன். மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போனால் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீர் இழுக்காது, இலை வாடும். அடடா வாடுகிறதே என்று நான் இன்னொரு குடம் ஊற்றுவேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தொட்டால் தோல் உரிந்து, சாக்கடை வாடையோடு கையில் வந்தது. அக்னி நட்சத்திரத்தில் நீரில் மூழ்கிச் செத்த செடி இந்த ஊரிலேயே என் மாடியில்தான் இருந்திருக்கும்.

தண்ணீர் என்றதும் 2019 ஞாபகத்துக்கு வராத சென்னைக்காரர் கிடையாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் காவிரித் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் ஃப்ளாட்டில் லாரித் தண்ணீர்தான். அசோசியேஷன் கூட்டத்தில் “அநாவசியச் செலவு” என்று செக்ரட்டரி ஆரம்பித்தபோது எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து நின்று ஓர் அறிவிப்பு விட்டேன்: இனி ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுவோம். கைதட்டினார்கள். ஒருவர் “விவசாயி வீட்டுப் பொண்ணாச்சே” என்றார்.

ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை, ஒதுக்கித் தள்ளுகிறது. எங்களுக்கு வந்த தண்ணீரோ ஏற்கெனவே உப்பு. தள்ளிய உப்பெல்லாம் சேர்ந்து நிற்கும் தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்து எல்லா வீட்டுச் செடிக்கும் பக்தியோடு ஊற்றினோம். வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ அது நல்ல தண்ணீர். செடிக்கு இலை நுனி கருகிச் சுருண்டது, பையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பொருக்கு கட்டியது. “வெயில்தாங்க காரணம்” என்று குரூப்பில் விளக்கம் போட்டேன். வெயில் மறுத்துப் பேசவில்லை.

வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட்ட பிறகு, வெயிலுக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. அடுத்த கோடைக்கு நிழல்வலை வாங்கினேன். 35, 50, 75, 90 சதவீதம் என்று வகை வகையாக விற்கிறார்கள். காய்கறிக்கு 50 போதும். நான் கடையில் எது நல்லது என்று கேட்கவில்லை, எது அதிகம் என்று கேட்டேன். 90 சதவீத இருட்டில் என் வெண்டைச் செடிகள் வெளிச்சத்தைத் தேடி வெளிறிப்போய் நெட்டுக்கு நெட்டாக நீண்டன. “என்ன உயரம்!” என்று ஊருக்கு போன் பண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் கடற்காற்று கரையேறிவிட்டால் சென்னை பிழைக்கும். அது தாமதமாகும் நாளில்தான் 41, 42 என்று ஏறும். தினமும் அதற்காக வேண்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேண்டியதற்கு மேலேயே வந்தது. வலையின் ஒரு முனையை நான் டிஷ் ஆன்டெனா கம்பியில் கட்டியிருந்தேன். வலை எதிர் பில்டிங்குக்குப் போய்விட்டது, டிஷ் வானத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தது. கீழே ஐ.பி.எல். கடைசி ஓவர். அன்றைக்கு ஜெயித்தது யார் என்று எங்கள் ப்ளாக்கில் யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் போனது யாரால் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம்கூட மறந்திருப்பார்கள். மீன் அமிலம்தான் சரித்திரத்தில் நின்றுவிட்டது.

பூ கொட்டுகிறதா, இலை வெளிறுகிறதா, மீன் அமிலம் தெளியுங்கள் என்று மாடித் தோட்டக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மீன் கழிவும் அதே எடைக்கு வெல்லமும் போட்டு நிழலில் வைத்தால், சில வாரங்களில் தேன் பதத்துக்கு வரும். லிட்டர் தண்ணீருக்குச் சில மில்லி கலந்தால் போதும். நொதிக்கும்போது வாயு கிளம்பும், அதனால் பாத்திரத்தில் கால்வாசி இடம் விட வேண்டும், மூடியை அவ்வப்போது திறந்து மூட வேண்டும். மார்க்கெட்டில் மீன்காரம்மா செதிலும் குடலும் தலையுமாக ஒரு கவர் நிறைய சும்மாவே கொடுத்தார். ஒரு பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கழுத்து வரைக்கும் திணித்தேன். வாடை வெளியே வந்தால் வம்பு என்று மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். நிழலில் வைக்கச் சொன்னார்களே என்று டேங்க்குக்குப் பின்னால் வைத்தேன். நான் வைத்த நேரத்தில் அங்கே நிழல்தான் இருந்தது.

டேங்க்குக்கு அந்தப் பக்கம் எதிர் ஃப்ளாட் மாமி கூழ் வடாம் பிழிந்திருந்தார். வெள்ளை வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, காக்காய் வராமல் இருக்கக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து, வரிசை வரிசையாக. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் போக வேண்டிய வடாம்.

பாட்டில் வெடித்த சத்தத்தைக் கேட்டு எல்லோரும் டிரான்ஸ்ஃபார்மர் என்று நினைத்துக் கீழே ஓடினார்கள். நான் மட்டும் மேலே ஓடினேன். டேங்க் சுவரில் பழுப்பாக ஒரு பெரிய நட்சத்திரம் தெறித்திருந்தது. வடாம் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை, டேங்க் மறைத்துவிட்டது. சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டே விளக்குமாறு எடுக்க இறங்கினேன். அந்த இடைவெளியில் வாடை காற்றோடு கிளம்பி, தாம்பரம் வட்டாரக் காக்காய்களுக்கெல்லாம் தகவல் சொல்லிவிட்டது. அவை முதலில் மீனை முடித்தன. பிறகு குடையைப் பொருட்படுத்தாமல் வடாமுக்கு வந்தன.

மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். “என்னது இது?” என்றார். என் வாயில் வந்தது, “பஞ்சகவ்யம் மாமி.” சாணம், கோமியம், பால், தயிர், நெய். புனிதமான சமாசாரம், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு கணக்கு. மாமி குனிந்து, செங்கல் ஓரத்தில் கிடந்த எதையோ குச்சியால் தள்ளிப் பார்த்தார்.

“பஞ்சகவ்யத்துல முள்ளு ஏதுடி?”

அதற்குப் பிறகு அசோசியேஷன் நோட்டீஸ் போர்டில் ‘மொட்டை மாடியில் தயாரிக்கக்கூடாதவை’ என்று ஒரு தாள் ஒட்டினார்கள். அதில் ஒரே ஓர் அயிட்டம்தான் இருந்தது.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்ததைச் சொல்லவே வேண்டியதில்லை, உங்கள் செம்பருத்தியிலும் வந்திருக்கும். மருந்து அடிக்க மாட்டேன், இயற்கை வழிதான் என்று பழைய டூத்பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன் (அதே பிரஷ்தான், பேட்டரி தீர்ந்துவிட்டது). சிலது பிசுபிசுவென்று ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்தன. சிலது உடம்பெல்லாம் வெள்ளை முடியோடு சுறுசுறுப்பாக ஓடின. ஓடுவதுதான் பொல்லாதது என்று தேடித் தேடி நசுக்கினேன். மாவுப்பூச்சியைத் தின்கிற ஒரு பொறிவண்டு உண்டு, 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதன் புழு அச்சு அசலாக மாவுப்பூச்சி வேஷத்தில் இருக்கும், ஆனால் வேகமாக ஓடும். எனக்கு உதவி செய்ய வந்தது அது ஒன்றுதான்.

மே நடுவில் அப்பா ஊரிலிருந்து வந்தார். வந்ததும் மாடி ஏறினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். ஒரு பையில் விரலை நுழைத்துப் பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். “ஏம்மா, இதுங்கள ஏன் இப்படி நோண்டிக்கிட்டே இருக்க?”

“கோடையில நீங்க வயல்ல என்னப்பா பண்ணுவீங்க?” என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து அவரிடம் கேட்காத கேள்வி.

கணக்குப்படி மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவார்கள். அதற்குள் நெல் முடிந்துவிடும். வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தில் உளுந்து தெளித்து அதையும் எடுத்துவிடுவார்கள். சித்திரையில் ஒரு மழை பெய்தால் கோடை உழவு ஓட்டுவார்கள். மண் கட்டி கட்டியாகப் புரண்டு காயும், உள்ளே ஒளிந்திருக்கும் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் சாகும், மிச்சத்தைக் கொக்கு பொறுக்கும்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, திண்ணையில படுத்துக்குவேன்.”

“செடி?”

“மே மாசத்துல ஏதும்மா செடி?”

எங்கள் விவசாயக் குடும்பத்தின் கோடைக்காலத் தொழில்நுட்பம் இவ்வளவுதான். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கொத்தவரை, காராமணி போடச் சொன்ன நர்சரிக்காரர் பேச்சையாவது கேட்டிருக்கலாம்.

அப்பா கீழே போய், மாநகராட்சி வண்டிக்காகக் கட்டிவைத்திருந்த சாக்கு மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாசல் வேம்பும் புங்கமும் கொட்டிய சருகு. எல்லா பையிலும் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினார். தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி, மத்தியானத்துக்கு மேல் டேங்க் நிழல் விழும் கிழக்குப் பக்கமாக இழுத்து வைத்தார். “காலையில விரலை விட்டுப் பாரு. காஞ்சிருந்தா ஊத்து. ஈரமா இருந்தா கீழ போயிடு.” இவ்வளவுதானா என்று கேட்டேன். “இதுவே ஜாஸ்தி” என்றார்.

சருகைப் பரப்புவதற்கு மூடாக்கு என்று பெயர், இயற்கை விவசாயி நம்மாழ்வார் மேடைக்கு மேடை சொன்னது. அந்த வீடியோக்களை நான் பார்த்திருக்கிறேன், லைக் போட்டிருக்கிறேன், குரூப்பில் ஷேரும் பண்ணியிருக்கிறேன். சருகைத்தான் வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கூட்டி மூட்டை கட்டச் சொல்லியிருந்தேன்.

மல்லிகையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியில் கவாத்து பண்ண வேண்டும். அதில் வெடிக்கும் புதுத் தளிரில்தான் மார்ச்சிலிருந்து மொட்டு பிடிக்கும், கோடை முழுக்கப் பூக்கும். எனக்குக் கத்திரிக்கோல் வாங்கிய உற்சாகம் வந்தது ஏப்ரலில். செடி மொட்டும் தளிருமாக இருந்தது. கோடைக்குச் செடியின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று எனக்கே ஒரு தத்துவம் தோன்றி, முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். அதோடு நிறுத்தாமல் இரண்டாம் மாடிப் பெண்ணிடமும் அதே மாதிரி வெட்டச் சொல்லி, கத்திரிக்கோலையும் கொடுத்தனுப்பினேன்.

அப்பா இருக்கும்போதே ஒரு சாயங்காலம் அவள் கதவைத் தட்டினாள். ஒரு கையில் கத்திரிக்கோல், கவர்கூடப் பிரிக்கவில்லை. இன்னொரு கையில் எவர்சில்வர் டப்பா நிறைய மொட்டு.

“ஸாரிக்கா, நீங்க வெட்டச் சொன்னீங்க. ஆபீஸ் டென்ஷன்ல சுத்தமா மறந்துட்டேன்.”

“பரவால்லம்மா” என்றேன். மன்னித்துவிட்டதாகவே அவளுக்குப் பட்டிருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்தாள், மொட்டைத் தொடுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது கேட்டாள்: “ஆடிப் பட்டத்துக்கு இப்பவே என்னக்கா ரெடி பண்ணணும்?”

ஹாலில் ஃபேனுக்கு அடியில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.